பண்டம்: மூட்டையிலிருந்து முந்தானைக்கு

"ஆயா, பண்டம்?"

சின்னசேலம் சந்தைக்குப் போய்த் திரும்பும் ஆயாவைத் தெருமுனையிலேயே மறித்து நாங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "வந்துட்டியா" என்றோ "கூடையக் குடு" என்றோ எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. ஆயாவும் உடனே பதில் சொல்ல மாட்டார். திண்ணையில் கூடையை இறக்கி, சும்மாட்டை உதறித் தோளில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்த பிறகுதான் கை முந்தானை முடிச்சுக்குப் போகும். முடிச்சுக்குள் செய்தித்தாள் பொட்டலம் இருக்கும். எண்ணெய் ஊறி ஊறி மறுபக்கத்து எழுத்தெல்லாம் இந்தப் பக்கம் தலைகீழாகத் தெரியும். நூலை அறுக்க மாட்டார். நுனியைத் தேடிப் பிடித்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்து, சுவரில் அடித்திருக்கும் ஆணியில் சுற்றி வைப்பார். அதன் பிறகுதான் காராபூந்தி. ஆளுக்கு ஒரு கை. அடியில் தங்கும் தூளும் பொரிந்த கறிவேப்பிலையும் கடைசிப் பிள்ளைக்கு.

பல ஆண்டுகள் கழித்து, சென்னையில் ஓர் அலுவலகக் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே பேனா, குறிப்பேடு, ஒரு சாக்லேட், சிறு டப்பாவில் முந்திரி. "குடீஸ் வாங்கிட்டீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். இதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று யோசித்துக்கொண்டே பேருந்து ஏறினேன். பரிசு என்றால் ஏதோ வென்றிருக்க வேண்டும். அன்பளிப்பு என்றால் கல்யாண வீட்டு மொய் நினைவுக்கு வருகிறது. இனிப்பு என்றால் பேனாவும் குறிப்பேடும் வெளியே நிற்கின்றன. வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள் ஆயாவின் சொல் வந்துவிட்டது. பண்டம். அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் நடந்து வந்த சொற்கள்.

ஆங்கிலச் சொல்லை முதலில் பார்த்துவிடலாம். நல்லது என்று பொருள்படும் 'குட்' என்ற சொல்தான் வேர். அதிலிருந்து ஒரு கிளை 'கூட்ஸ்' என்று போனது. முதலில் நன்மைகள், பிறகு ஒருவனுடைய உடைமைகள், அதன் பிறகு சந்தைச் சரக்கு என்று அதன் பொருள் மாறியது. விருத்தாசலத்துக்கும் சேலத்துக்கும் நடுவே எங்கள் ஊர் நிலையத்தில் வந்து நிற்கும் சரக்கு ரயிலை 'கூட்ஸ் வண்டி' என்று கைநாட்டு வைக்கும் பெரியவர்கள்கூடச் சொல்வார்களே, அதே கூட்ஸ். இன்னொரு கிளை செல்லமாகச் சுருங்கி 'குடீ' ஆனது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சொல் சிறு கேக்கு, மிட்டாய், வாய்க்கு ருசியான துணுக்குகளைக் குறித்து எழுத்தில் வந்துவிட்டது. பன்மையில்தான் அதற்கு உயிர். ஒற்றை மிட்டாயை அப்படிச் சொல்வது குறைவு. பல சின்னச் சின்ன சாமான்கள் ஒன்றாகக் கையில் வந்து சேரும்போது அது குடீஸ் ஆகிறது. குழந்தையின் பிறந்தநாளுக்கு வந்து திரும்பும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் பை, கணினி நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் சட்டையும் கோப்பையும் எல்லாம் பிற்காலத்தில் அந்தச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்தவை.

அதே சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. படத்தில் நல்லவன் பக்கம் நிற்பவனை ஆங்கிலக் குழந்தைகள் அப்படிச் சொல்கிறார்கள். மகிழ்ச்சியில் கைதட்டிக் கத்தும்போதும் அதே சொல். இரண்டு தடவை அடுக்கிச் சொன்னால், நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவதற்காகவே நடப்பவர் என்று பொருள் திரும்பிவிடும். 1765இல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட குழந்தைக் கதையொன்றில் ஒரு செருப்போடு திரிந்த ஏழைச் சிறுமிக்கு இரண்டு செருப்பும் கிடைக்கிறது. அவளுக்கும் இதே பெயர்தான். ஆனால் அந்தப் பெயர் வந்த வழி வேறு. குடும்பப் பெண்ணை மரியாதையாக அழைக்கும் 'குட்ஒய்ஃப்' என்பதன் சுருக்கம் அது. தின்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது நம் சொல். பண்டம் முதலில் தின்னும் பொருளாக இருக்கவில்லை. திருக்குறளில் 475ஆம் குறளை நினைத்துப் பாருங்கள். மயிலிறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிற குறள். அங்கே வண்டியில் ஏறிய மயிலிறகு பாரத்துக்குப் பண்டம் என்று பெயர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகக் காட்சி வருகிறது. சுங்கம் வாங்குபவர்கள் சோழனின் புலி முத்திரையைப் பதித்து வெளியே அனுப்ப, மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அந்த மூட்டைகளுக்குள் பொதிந்திருப்பதும் பண்டம்தான். ஆக, சொல் பிறந்து வளர்ந்த இடம் துறைமுகமும் வண்டிப்பாதையும். பண்டமாற்று, பண்டகசாலை, பண்டாரம் என்பவை எல்லாம் அந்தக் கிடங்கு வாசனையை இன்றும் விடாத சொற்கள். 

சொல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. வடமொழியில் கலத்தையும் சரக்கையும் குறிக்கும் 'பாண்ட' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. பண்ணுதல் என்ற வினையிலிருந்து, பண்ணப்பட்டது பண்டம் என்று காட்டுவது தேவநேயப் பாவாணர் வழிவந்தவர்களின் கட்சி. மதுரைக்காஞ்சியில் கையில் ஏந்தித் திரிந்து விற்கும் வணிகர்களின் சரக்குக்குப் பண்ணியம் என்று பெயர். பணியாரத்துக்குப் பண்ணிகாரம் என்று ஒரு பழைய வடிவமும் இருக்கிறது. இவற்றைப் பார்த்தால் இரண்டாவது கட்சிக்குப் பலம் கூடுகிறது. ஆனால் 'பண்டபாத்திரம்' என்று இன்றும் நாம் சேர்த்துச் சொல்லும்போது கலம் என்ற பொருள் எட்டிப் பார்க்கிறதே, அதை ஒதுக்க முடியவில்லை. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. என் கவனமெல்லாம் சொல் வந்து சேர்ந்த இடத்தின் மேல்தான்.

ஏனென்றால் இந்தச் சொல்லும் இதன் உறவுகளும் போன இடமெல்லாம் வேறு வேறு பொருளாக ஊன்றியிருக்கின்றன. மலையாளத்தில் பண்டம் என்றால் நகை. தங்க நகையை அடகு வைப்பதைப் பண்டம் பணயம் வைப்பது என்பார்கள். மராத்தியில் 'பாண்டே' என்றால் பாத்திரம். சிங்களத்தில் 'படு' என்றால் கடைச் சரக்கு. வட இந்தியாவில் 'பண்டார்' என்றால் சேமிப்புக் கிடங்கு. அங்கே இனிப்புக் கடைகளுக்கு 'மிஷ்டான்ன பண்டார்' என்று பலகை எழுதுகிறார்கள். கடைக்குத்தான் அந்தப் பெயர், லட்டுக்கு இல்லை. நமக்கு மேற்கே கொங்கு நாட்டில் 'பண்டம்பாடி' என்றால் ஆடுமாடு. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருந்த மொழியில் இது பொருத்தம்தான்.

எது உங்களுக்குச் சொத்து என்று அந்தந்த ஊரைக் கேட்டால், ஒருவர் தங்கத்தைக் காட்டுகிறார், ஒருவர் பாத்திரத்தை, ஒருவர் எருமையை. எங்கள் ஊர் ஆயா முந்தானை முடிச்சைக் காட்டினார். துறைமுகத்து மூட்டையாக இருந்த சொல்லைக் குழந்தையின் கையளவு காராபூந்தியாக ஆக்கியது தமிழ்ப் பேச்சு. 'தின்' என்பதை முன்னால் ஒட்டித் தின்பண்டம் என்று எழுதுவது எழுத்து வழக்கு. சின்னசேலத்துப் பிள்ளைக்கு அந்த ஒட்டுகூடத் தேவைப்படவில்லை. பண்டம் என்றாலே தின்பதுதான், வேறென்ன?

இது ஏதோ ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்த விபத்தா என்று பார்த்தேன். இல்லை. தமிழ் இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது. பதார்த்தம் என்பது வடமொழியில் ஒரு சொல் சுட்டும் பொருள். தர்க்க நூல்களில் உலகத்துப் பொருள்களை வகை பிரிக்கப் பயன்பட்ட கனமான சொல் அது. நம் பந்தியில் அது அவியலும் பொரியலுமாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஐட்டம் என்றால் பட்டியலில் ஓர் உருப்படி. நம் ஓட்டலில் "சூடா என்ன ஐட்டம் இருக்கு?" என்றால் போண்டாவா பஜ்ஜியா என்று பதில் வரும். பொருள் என்று எது வந்தாலும் அதை நம் நாக்கு தட்டில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

சரக்கும் இப்படித்தான் போனது, ஆனால் அது வேறு திசை. வண்டிச் சரக்கு, மளிகைச் சரக்கு, பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கும் காயச்சரக்கு என்று எவ்வளவு நல்ல இடங்களில் இருந்த சொல்! இன்று சும்மா "சரக்கு" என்றால் ஒன்றுதான் அர்த்தம். 2024 ஜூன் மாதம் எங்கள் மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் விளையாட்டாகச் சொல்வதில்லை. ஒரே கிடங்கில் பக்கத்துப் பக்கத்து மூட்டையாக இருந்த இரண்டு சொற்களில் ஒன்று பிள்ளையின் கைக்குப் போனது, மற்றது குப்பிக்குள் போனது.

பண்டத்தின் இரண்டு பொருளையும் ஒரே நாளில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து ஜவ்வரிசி ஆலை எதற்காவது வாருங்கள். அறுவடைக் காலத்தில் மரவள்ளி லாரி லாரியாக வந்து இறங்கும். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைத்தால் பால் வரும். அதை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் கெட்டியாகப் படியும். மேல்நீரை இறக்கிவிட்டு அந்த மாவுப் பாளத்தை உடைத்துச் சலித்து, குலுக்கிக் குலுக்கி உருட்டினால் குருணை மணியாகத் திரளும். பிறகு சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலுக்குப் பரப்புவார்கள். உச்சி வெயிலில் அந்தச் சிமெண்டுக் களத்தைப் பார்த்தால் கண் கூசும். கால் சூட்டில் துடிக்கத் துடிக்கப் பலகையால் தள்ளித் தள்ளி மணிகளைப் புரட்டிவிடுவார்கள். காய்ந்ததும் மூட்டை கட்டி லாரியில் ஏற்றும்வரை அது பழைய பொருளில் பண்டம். பட்டினப்பாலையின் மூட்டைக்கு அண்ணன் தம்பி.

அதே களத்திலிருந்து இரண்டு படி ஜவ்வரிசி வீட்டுக்கு வருகிறது. அம்மா அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, பச்சை மிளகாயும் உப்பும் அரைத்து விட்டு, மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கரண்டி கரண்டியாக வடம் ஊற்றுகிறாள். காக்காய் ஓட்ட ஒரு பிள்ளையைக் குச்சியோடு உட்கார வைக்கிறாள். பாதி காய்ந்த வடத்தைப் பிய்த்துத் தின்பது அந்தப் பிள்ளைக்குக் கூலி. மேலே தோல் இறுகி உள்ளே கொழகொழவென்று இருக்கும் அந்த நிலையில் அதன் ருசியே தனி. எண்ணெயில் பொரித்த பிறகுகூட அவ்வளவு ருசி வராது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். இப்போது அது இரண்டாவது பொருளில் பண்டம். ஆலை வாசலிலிருந்து மாடிக்கு வருவதற்குள் ஈராயிரம் ஆண்டுத் தூரத்தை அந்தச் சொல் கடந்துவிடுகிறது.

ஜவ்வரிசி என்ற பெயரும் தூரத்திலிருந்து வந்ததுதான். மலாய் மொழியின் 'சாகு', ஒருவகைப் பனையின் உள்சோற்றிலிருந்து எடுக்கும் மாவு. அதோடு நம் அரிசி ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வரத்து நின்றுபோனபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். பனை போய்க் கிழங்கு வந்தது, பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. இங்கே திரளும் மணிகளில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்துக்கும் வடக்கே மற்ற மாநிலங்களுக்கும் போகிறது. அங்கே விரத நாளில் அரிசி, கோதுமை தொடாமல் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார்கள். விரத உணவுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பலாஹார்'. பழ உணவு என்பது சொல்லின் நேர்ப்பொருள்.

அந்தச் சொல்தான் நம்மிடம் பலகாரம் ஆனது. அங்கே பட்டினி நாளின் சொல், இங்கே தீபாவளியின் சொல். "பலகாரம் சுட்டாச்சா?" என்று கேட்கும்போது யாருக்காவது விரதம் நினைவுக்கு வருமா? அதிரசமும் முறுக்கும் எண்ணெய்ச் சட்டியில் வேகின்றன, ஆனாலும் நாம் அவற்றைச் 'சுடுகிறோம்', பொரிப்பதில்லை.

தின்பதற்கான மற்றச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்சணம் வடமொழியில் வெறும் தின்னுதல்தான், இங்கே கல்யாணச் சீர்த்தட்டில் ஏறியது. மிட்டாய் இந்துஸ்தானி வழி வந்தது, பிஸ்கோத்து போர்த்துக்கீசியர் வழி. தீனி நம்முடையது, தின் என்ற வேரிலிருந்து. ஆனால் அதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. மாட்டுக்கும் கோழிக்கும் போடுவதும் தீனி என்பதால், "எந்நேரமும் தீனிதானா?" என்று திட்டத்தான் அது அதிகம் பயன்படும். பலகாரத்துக்கு ஒரு பண்டிகை வேண்டும். சின்னப் பிள்ளைகள் இன்று கேட்கும் 'ட்ரீட்'டுக்குப் பிறந்தநாளோ தேர்ச்சியோ வேண்டும். அந்தச் சொல்லின் மூலம் பேசி முடிப்பது, உடன்படிக்கை செய்வது என்ற பொருள் கொண்டது. அதனால்தானோ என்னவோ அதில் ஒரு கணக்கு வழக்கு இருக்கிறது.

பண்டத்துக்கு எந்தக் காரணமும் வேண்டாம். வேண்டியது ஓர் ஆள். வெளியே போய்விட்டு வீடு திரும்பும் ஆள். ஆயா மட்டும் என்றில்லை, சேலத்திலிருந்து கடைசிப் பேருந்தில் வரும் அப்பா, கல்வராயன் மலையிலிருந்து பலாவும் தேனும் கொண்டு இறங்கும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் என்று யாராகவும் இருக்கலாம். பண்டம் என்ற சொல்லோடு எங்கள் பக்கம் சேரும் வினைகளைக் கவனித்தால் இது புரியும். வாங்கியா, கொண்டா, முடிஞ்சு வையி, பங்கு போடு. "பண்டம் சாப்பிட்டேன்" என்று தனியாக ஒருவர் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போதுதான் பண்டம். வண்டியில் ஏறி ஊர் விட்டு ஊர் போன பொருளின் ஞாபகம் அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது. இங்கேதான் ஆங்கிலச் சொல்லோடு நம் சொல் பிரிகிறது. குடீஸ் என்பது ருசியைப் பாராட்டுகிறது, நல்லது என்கிறது. நம் சொல் ருசியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருவர் உனக்காகச் சுமந்து வந்தார் என்பதை மட்டும் சொல்கிறது.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் ஓர் இரவு எனக்கு மிகவும் பிடித்தது. தேன்கூடு போன்ற மெல்லிய அடையும் உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்கும் கூவியர், கடை ஓயும் நேரத்தில் தங்கள் பண்டங்களின் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறார்கள். சந்தை முடியும் நேரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் பொரிக்கடைக்காரர் தூங்கி விழுவதை நானே பார்த்திருக்கிறேன். இடையில் எத்தனையோ அரசுகள் வந்து போய்விட்டன.

பொருள் இன்றும் கிடைக்கிறது. சொல்தான் மெலிந்து வருகிறது. சின்னசேலம் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பள்ளியில் 'ஸ்நாக்ஸ் டைம்' என்று மணி அடிக்கிறார்கள். பாக்கெட்டைப் பிள்ளையே போய் வாங்கி, பிள்ளையே பிரித்து, பிள்ளையே தின்று தீர்க்கிறது. காத்திருப்பதும் இல்லை, பங்கு போடுவதும் இல்லை, ஆணியில் சுற்றி வைக்க நூலும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஓர் இடத்தில் மட்டும் பழைய வழக்கம் வலுவாக நிற்கிறது. கல்யாண வீட்டு வாசலில் கொடுக்கும் தாம்பூலப் பை. வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய் அல்லது சாத்துக்குடி, சில வீடுகளில் ஒரு லட்டு. ஆங்கிலத்தில் குடீஸ் பை என்று பெரிதாகப் பேசுவது நம் வாசலில் மஞ்சள் துணியில் எத்தனையோ தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது அந்தப் பெயர் எல்லோர் மனத்திலும் உடனே ஒட்டியது. சொல்லை ஏற்கெனவே வீட்டுக்குள் வைத்திருந்தோம், அதனால்தான்.

பத்திரிகையிலும் விளம்பரத்திலும் மொழிபெயர்ப்பிலும் குடீஸ், ஸ்நாக்ஸ், ட்ரீட் என்று எழுத வேண்டிய இடம் வரும்போது பண்டம் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். எங்கள் பக்கமான நடுநாட்டின் சொற்களைக் கண்மணி குணசேகரன் தனி மனிதராகத் திரட்டி அகராதியாக்கினார். கரிசலுக்குக் கி. ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் செய்தார்கள். நீங்கள் அகராதி செய்ய வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் ஊரில், சந்தையிலிருந்து வருபவர் பிள்ளைகளுக்கு வாங்கி வருவதற்கு என்ன சொல் என்று வீட்டில் மூத்தவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த வாரம் ஊருக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பொட்டலத்தோடு போங்கள். வாசலில் நின்று, "பண்டம் வாங்கியாந்திருக்கேன், வாங்க" என்று கூப்பிடுங்கள்.